கணுக்காலில் ஃபிளாப் வைத்து மலைக்குத் திரும்பியவரைப் பார்த்துக்கொள்ள

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருக்கிறேன். கவாத்து மெஷின் பட்டோ, பைக்கில் விழுந்தோ கணுக்காலில் சதை போனவர்கள் கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடித்து வருவார்கள். எலும்போ தசைநாணோ வெளியே தெரிந்தால் வெறும் தோல் ஒட்டு பிடிக்காது. அதனால் கெண்டைக்கால் பின்புறத் தோலை ரத்தக்குழாயோடு திருப்பி வைப்பதுண்டு; அதுதான் ஃபிளாப். அந்த ரத்த ஓட்டத்தைக் காப்பதுதான் வீட்டில் உங்கள் வேலை.

காலில் போட்ட பேண்டேஜில் விட்டிருக்கும் திறப்பில், ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாப்பைப் பாருங்கள். கை கழுவிவிட்டு விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்பணும். சட்டென்று திரும்பி, நீலம் பாய்ந்து வீங்கியிருந்தால் ரத்தம் வெளியேற வழியில்லை. வெளுத்துச் சில்லிட்டிருந்தால் ரத்தமே வரவில்லை. கறுத்த தோலில் நிறம் பிடிபடாது; புறங்கையால் சூடு பாருங்கள். எதுவானாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.

ஜனவரி உறைபனியில் எல்லோரும் கணப்பு பக்கம் காலை நீட்டுவார்கள். இவர் நீட்டவே கூடாது. ஃபிளாப்பில் உணர்ச்சி இருக்காது, வெந்தாலும் தெரியாது. வெந்நீர்ப் பையும் வேண்டாம். கதவிடுக்கை அடைத்து, தளர்வாகக் கம்பளி போர்த்தினால் போதும்.

கால் நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். கணுக்காலின் பின்பக்கம் மட்டும் தலையணையில் அழுந்தக் கூடாது. பீடி, சிகரெட் வீட்டுக்குள் யாருமே பிடிக்க வேண்டாம், இதில் நான் கண்டிப்பு. அப்புறம், டாக்டர் சொல்லும் முன் காலைத் தொங்கவிடாதீர்கள். செக்கப்புக்கு மலை இறங்கும்போதும் பின் சீட்டில் காலை நீட்டி உயர்த்தி வைத்தே கூட்டிப் போங்கள்.