புதிய உயர்தர உணவகத்தில் குழு விருந்து: ஏமாற்றத்தைத் தவிர்ப்பதும் சமாளிப்பதும்

புதிதாகத் திறந்த உயர்தர உணவகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகச் சென்று ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள், சமையல் சரியில்லை என்றே பெரும்பாலும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால், அதே சமையலறை இரண்டு பேர் அமர்ந்த பக்கத்து மேசைக்கு அதே உணவைச் சூடாகவும் பக்குவமாகவும் அனுப்பியிருக்கக்கூடும். பெரிய மேசையில் விருந்து கெடுவதற்குக் கைத்திறனைவிட நேரக் கணக்கே பல வேளைகளில் காரணமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எதை முன்கூட்டியே தவிர்க்கலாம், எதை மேசையிலேயே சரிசெய்யலாம், எதைப் பிறகுதான் கேட்க முடியும் என்பது தெளிவாகிவிடும்.

ஒரு மேசைக்கு உரியவற்றை முதலில் ஸ்டார்ட்டர், பிறகு முதன்மை உணவு, இறுதியில் இனிப்பு என வரிசையாகப் பரிமாறும் முறை, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது; அதற்கு முன்பு அங்கே பெருவிருந்துகளில் பல பதார்த்தங்களை ஒரே சமயத்தில் மேசையில் பரப்பிவிடுவதே வழக்கம். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935) சமையலறையைத் தனித்தனிப் பிரிவுகளாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இறைச்சி வாட்டுபவர் ஒருவர், சாஸ் செய்பவர் ஒருவர், குளிர்ந்த பதார்த்தங்களைக் கவனிப்பவர் ஒருவர் என்று இன்றும் பல உயர்தர உணவகங்கள் இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு வெவ்வேறு உணவுகளைக் கேட்டால், இத்தனை பிரிவுகளும் ஒரே நிமிடத்தில் முடித்தாக வேண்டும். முடியாதபோது, முதலில் தயாரான தட்டுகள் சமையலறை வாசலில் சூட்டு விளக்கின் கீழ் காத்திருக்கின்றன. சாஸின் மேல் ஆடை படர்கிறது. பொரித்தது மொறுமொறுப்பை இழந்து நமத்துப்போகிறது. நடுவில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இறைச்சி தன் சூட்டிலேயே மேலும் வெந்து சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. உங்கள் தட்டில் இந்த அறிகுறிகள் தெரிந்தால், சமைத்தவரைவிடக் காத்திருப்பையே சந்தேகிக்கலாம்.

உணவகம் புதிது என்பது இந்தச் சிக்கலைப் பெருக்குகிறது. உணவகங்களை மதிப்பிடும் மிஷ்லின் கையேடு நட்சத்திரம் வழங்குவதற்குப் பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, மெனு முழுவதிலும் காலப்போக்கிலும் தரம் மாறாமல் இருத்தல். திறந்து சில வாரங்களே ஆன இடத்தில் இருக்க வாய்ப்பில்லாத பண்பு அதுதான். பணியாளர்கள் ஒருவரோடொருவர் பழகியிருக்க மாட்டார்கள், எந்த உணவுக்கு எத்தனை நிமிடம் என்பது கைக்கு வந்திருக்காது, மெனுவே மாறிக்கொண்டிருக்கும். ஆகவே, முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பாருங்கள். பெரிய குழுவை இரண்டு மாதங்களாவது கழித்து அழைத்துச் செல்லுங்கள். திறந்த வாரத்திலேயே விருந்தினரைக் கூட்டிப் போகிறவர்கள், சொல்லப்போனால், முழுக் கட்டணம் செலுத்தி அவர்களை ஓர் ஒத்திகைக்கு அழைக்கிறார்கள்.

நாளை மாற்ற முடியாத நிலையில், முன்பதிவின்போது பேசும் பேச்சில்தான் பாதி விருந்து நிர்ணயமாகிறது. இணையப் படிவத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் தொலைபேசியில் அழையுங்கள். மாலை நேர நெரிசலில் அழைக்காமல், மதிய உணவு முடிந்த பிறகு அழைத்தால் நிதானமாகப் பதில் கிடைக்கும். எங்கள் எண்ணிக்கைக்கு ஒரே மேசையா, இரண்டாகப் பிரிப்பீர்களா? மேசையை எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும்? குழுவுக்கென்று சுருக்கப்பட்ட மெனு உண்டா? சேவைக் கட்டணம் பில்லில் தானாகச் சேருமா? முன்பணம் எவ்வளவு, யாராவது வராமல் போனால் அதில் எவ்வளவு பிடிப்பீர்கள்? பில்லைப் பிரித்துத் தருவீர்களா? இவற்றுக்குக் கிடைத்த பதில்களை ஒரு சிறு மின்னஞ்சலாக எழுதி அனுப்பி, “இதை உறுதிசெய்யவும்” என்று கேட்டுக்கொள்வது அதிகப்படியாகத் தோன்றலாம். பின்னால் வாக்குவாதம் எழுந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த மின்னஞ்சல் ஒன்றுதான்.

குழு மெனுவைப் பலர் குறைவாக எண்ணுகிறார்கள். தேர்வு சுருங்கினாலும் சூடு தங்குகிறது. மூன்று உணவுகளை நான்கு நான்கு தட்டுகளாகச் செய்வது, பன்னிரண்டைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சமையலறைக்கு மிக எளிது. ஒவ்வாமை உள்ளவர்களின் தேவையை மட்டும் பெயரோடும் பொருளோடும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டு, மேசையில் அமர்ந்ததும் பரிமாறுபவரிடம் மறுபடியும் சொல்லுங்கள். புதிய இடத்தில் முன்பதிவை ஏற்றவரும் அன்று பரிமாறுகிறவரும் ஒருவரோடொருவர் பேசியிருப்பார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.

இடத்தையும் கேளுங்கள். இயல்பான உரையாடல் சுமார் 60 டெசிபெல். நிரம்பி வழியும் உணவகத்தில் இரைச்சல் 80 டெசிபெல்லைத் தாண்டுவது உண்டு. வெறுங்கான்கிரீட் சுவர், கண்ணாடி, திறந்த சமையலறை என்று இன்றைய அலங்காரம் பெரும்பாலும் ஒலியை உறிஞ்சாத பொருள்களால் ஆனது. இரைச்சலில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911இல் விவரித்தார். ஒரு மேசை உரக்கப் பேச, அதை மீறி அடுத்த மேசை பேச, இரவு ஒன்பது மணிக்குள் எதிரில் இருப்பவரின் உதட்டசைவு மட்டுமே மிஞ்சும். நீண்ட மேசையைவிட வட்ட மேசை நல்லது. கூடத்தின் நடுவைவிட மூலை நல்லது. சமையலறைக் கதவின் பக்கம் வேண்டவே வேண்டாம். கூட்டம் சேர்வதற்கு முன் அமரும் முதல் சுற்றைக் கேட்டு வாங்கினால், இரைச்சலும் குறையும், சமையலறையின் கவனமும் கூடுதலாகக் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் விருந்து தடம் புரளலாம். அப்போது, குறையை உணவகத்தால் இன்னும் எதையாவது செய்ய முடிகிற நேரத்தில் சொல்ல வேண்டும். அதை ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பக்கம் கையை உயர்த்தி அழைத்தால், பரிமாறுபவர் கடைசியாகக் கேட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போவார். விருந்துக்கு ஏற்பாடு செய்தவரோ அவர் நியமித்த ஒருவரோ மேசையை விட்டு எழுந்து சற்றுத் தள்ளி நின்று பேசுவது நல்லது. விருந்தினர் காதில் விழாத குறை, அவர்களுடைய பசியைக் கெடுப்பதில்லை.

என்ன சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். “சேவை படுமோசம்” என்றால் கிடைப்பது மன்னிப்பு மட்டுமே. “ஐந்து பேருக்கு முதன்மை உணவு வந்து பத்து நிமிடம் ஆகிறது, மற்ற ஏழு பேருக்கு இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று சமையலறையில் கேட்டுச் சொல்ல முடியுமா? அதுவரை அவர்களுக்கு ரொட்டியோ சாலடோ கொடுங்கள்” என்று கேட்டால், நடந்தது என்ன, வேண்டியது என்ன என்ற இரண்டும் அதில் இருப்பதால், பரிமாறுபவர் அதை அப்படியே உள்ளே கொண்டுபோக முடியும். தட்டு வந்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்து தங்கள் உணவையும் ஆறவிடுவதில் யாருக்கும் லாபமில்லை. வராதவர்களே “நீங்கள் தொடங்குங்கள்” என்று சொல்லிவிடுவது அழகு.

ஒரு தட்டைத் திருப்பி அனுப்புவது இருவர் மேசையில் எளிது, பெரிய மேசையில் சங்கடமானது. மாற்றுத் தட்டு வருவதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அதனால், உப்பு சற்றுத் தூக்கலாக இருப்பது போன்றவற்றுக்குத் திருப்பி அனுப்பாமல், சொல்லி மட்டும் வையுங்கள். உணவு ஆறியிருந்தாலோ, கேட்டது அல்லாமல் வேறொன்று வந்திருந்தாலோ, இரண்டு மூன்று வாய்க்குள் திருப்பிவிடுங்கள். பாதியைச் சாப்பிட்டபின் திருப்பினால் வாதம் எடுபடாது. வேகாத கோழியிறைச்சிக்கு மட்டும் தயக்கமே கூடாது. அதன் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு அளவு. அதே உணவைக் கேட்டிருக்கும் மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு முறை சொல்லியும் மாற்றம் இல்லையென்றால், பரிமாறுபவரை விட்டுவிட்டு மேலாளரை அழையுங்கள். பில்லில் கை வைக்கும் அதிகாரம் அவருக்குத்தான் இருக்கும். இதைப் பில் அச்சாகும் முன்பே செய்தால், வராத உணவையும் திருப்பி அனுப்பிய உணவையும் நீக்குவது எளிதாகிறது. குழுவின் பில்லை வரிவரியாகப் படியுங்கள். நீண்ட பில்லில் இரட்டைப் பதிவுகள் ஒளிந்திருப்பது சாதாரணம். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதற்கு மேல் டிப்ஸ் எழுதும் கட்டத்தை நிரப்புவதற்கு முன் ஒருகணம் யோசியுங்கள். சமையலறையின் தாமதத்துக்காக, ஓடியாடி உழைத்த பரிமாறுபவரின் டிப்ஸில் வெட்டுவது நியாயமல்ல என்பது என் கருத்து. தொகையைப் பகிரும்போது, மது அருந்தாதவர்களும் சாப்பாடே சரியாகக் கிடைக்காதவர்களும் சமபங்கு தரும்படி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், உணவகத்தின் மீதிருந்த கசப்பு உங்கள் மீது திரும்பும்.

அன்றிரவே விமர்சனம் எழுதாதீர்கள். மறுநாள் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தேதி, முன்பதிவின் பெயர், எத்தனை பேர், எந்த நேரத்தில் எது நடந்தது, அப்போதே யாரிடம் சொன்னீர்கள், பில்லின் நகல். வேண்டுவது பணமா, விளக்கமா என்பதைக் குறிப்பிட்டு, பணம் என்றால் எந்த உணவுகளுக்கு எவ்வளவு என்று தொகையையும் எழுதுங்கள். அடுத்த முறைக்கான இலவச இனிப்புச் சீட்டைத் தருவதாகச் சொன்னால், பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அங்கே மறுபடியும் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், பொதுவெளியில் எழுதுவதற்கு அந்த மின்னஞ்சலே போதுமான வரைவு. அதில் பணியாளர்களின் பெயர்களை மட்டும் நீக்கிவிடுங்கள்.