பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் நாம் சறுக்கும் இடங்கள்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் ஒரு அப்பா மகனிடம், "இந்தச் சுவரைத்தாம்லே வெள்ளைக்காரன் பீரங்கியால உடைக்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் தட்டிப் பார்த்தான். 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை அது. பழைய கோட்டையின் எச்சம் பக்கத்திலேயே வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

பழைய கோட்டை கல்லால் ஆனது என்று நினைப்பது அடுத்த சறுக்கல். அது மண்கோட்டை. ஆச்சரியமே அதில்தான் இருக்கிறது.

இரண்டு போரை ஒன்றாகக் குழப்புவதுதான் பெரிய தவறு. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு நம் ஆட்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். மிச்சம்தான் விறுவிறுப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரி 2 அன்று ஊரிலிருந்த ஆங்கிலேயர்கள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, கைதிகள் காவலை உடைத்து வெளியேறினார்கள். ஒரு வாரத்தில் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சி போனால், இடித்த இடத்தில் மதில் எழும்பி நிற்கிறது! வந்த வழியே திரும்பினார். மார்ச் 31-இல் பீரங்கியால் மதிலில் வழி உண்டாக்கியும் படையால் உள்ளே போக முடியவில்லை. கோட்டை விழுந்தது மே 24-இல்தான்.

பள்ளி ஆண்டுவிழா நாடகங்களில் ஊமைத்துரைக்குப் பக்கம் பக்கமாக வசனம் கொடுக்கிறார்கள். பாவம், அவருக்குப் பேச்சு வராது. அந்த முற்றுகையில் கம்பெனி பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்: ஊமைத்துரை நாலைந்து வைக்கோல் துணுக்கை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம், அதுதான் ஆங்கிலப் படை. மற்றக் கையால் அதை வழித்துத் தள்ளி, வாயால் 'உஸ்' என்று ஒரு சத்தம். தாக்குதலுக்கு உத்தரவு அவ்வளவுதான். எந்த வசனம் இதற்கு ஈடாகும், சொல்லுங்கள்.

'வெள்ளைக்காரன் எழுதினதெல்லாம் பொய்' என்று ஒதுக்கினால் இந்த வைக்கோல் துணுக்கும் போய்விடும். அதற்காக அவர் சொன்னதை அப்படியே விழுங்கவும் வேண்டாம். அவர் புத்தகம் வந்தது 1830-இல். எதிரியை உயர்த்திச் சொன்னால் ஜெயித்தவனுக்கும் பெருமைதானே.

சினிமா வசனத்தை விசாரணையில் பதிவான வாக்குமூலம் போல மேற்கோள் காட்டுவது, அன்றைக்கு ஒரு பாளையக்காரர் கம்பெனியோடு சேர்ந்ததற்கு இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களை ஏசுவது, இதையும் விட்டுவிடலாம். பாஞ்சாலங்குறிச்சியைத் திருநெல்வேலிக் கதையோடு சேர்த்துச் சொன்னால், 'அது தூத்துக்குடி மாவட்டம்லா' என்று குறுக்கே விழுவோரும் உண்டு. மாவட்டம் பிரிந்தது 1986-இல். அதற்கு முன்னால் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.

போகிறவர்கள் நினைவுக் கோட்டையில் செல்ஃபி எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஆங்கிலேயர் கல்லறைகளும் இருக்கின்றன. வைக்கோல் துணுக்காக உள்ளங்கையில் கிடந்தவர்களில் சிலர் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்.