ஏற்காட்டு வரைபடத்தை மட்டும் வெட்டி எடுப்பது எப்படி?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் சிக்னலை நம்பாமல், வரைபடத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அதற்காக 100 ஜிபிக்கும் மேலான முழு உலக வரைபடக் கோப்பையும் இறக்க வேண்டாம். ‘பிஎம்டைல்ஸ்’ என்ற கட்டளைவரிக் கருவி, இணையத்தில் இருக்கும் அந்தக் கோப்பிலிருந்து நமக்கு வேண்டிய டைல்களை, அதாவது வரைபடத்தின் சிறு சதுரத் துண்டுகளை, மட்டும் பிரித்து எடுத்துவரும்.

முதலில் கிட்ஹப் தளத்தில் இந்தக் கருவிக்கான ‘கோ-பிஎம்டைல்ஸ்’ வெளியீட்டுப் பக்கத்திலிருந்து உங்கள் கணினிக்கான கோப்பை இறக்கி, ஒரு ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். நிறுவும் வேலை இல்லை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தை அதே ஃபோல்டரில் திறக்க வேண்டும். லினக்ஸ், மேக்கில் கருவியின் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடாவிட்டால் ‘கட்டளை இல்லை’ என்று வரும்.

அடுத்து, வெட்டி எடுக்க வேண்டிய பகுதியின் எல்லை. மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்பதே வரிசை. சேலம் நகரமும் சேர்வராயன் மலையும் அடங்க இது போதும்:

78.05,11.60,78.40,11.95

பலர் சறுக்குவது இங்கேதான். கூகுள் மேப்ஸில் அட்சரேகை முதலில் வரும். இங்கே தீர்க்கரேகை முதலில். மாற்றிப் போட்டால் ஏற்காட்டுக்குப் பதில் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய் நிற்பீர்கள். கருவி பிழை எதுவும் காட்டாது, ஏனென்றால் அதுவும் சரியான இடம்தான். காற்புள்ளிக்குப் பின் இடைவெளியும் விடாதீர்கள்.

இனி கட்டளை. ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், ஒரே வரியாக:

பிஎம்டைல்ஸ் எக்ஸ்ட்ராக்ட் (மூலக் கோப்பின் முகவரி) ஏற்காடு.பிஎம்டைல்ஸ் --பிபாக்ஸ்=78.05,11.60,78.40,11.95 --மேக்ஸ்ஜூம்=15 --டிரை-ரன்

மூலக் கோப்பு என்பது அந்த உலக வரைபடக் கோப்புதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் திட்டத்தின் தரவிலிருந்து அதைத் தயாரிக்கும் புரோட்டோமேப்ஸ் தளத்தின் தினசரி வெளியீடுகளில் அதன் முகவரியை எடுக்கலாம். ஆண்டு, மாதம், நாள் என 8 இலக்கத் தேதிதான் கோப்பின் பெயர். பழையவற்றை நீக்கிவிடுவார்கள், 404 (கோப்பு இல்லை) என்ற பிழை வந்தால் புதிய தேதியைப் போடுங்கள். கட்டளையை வாட்ஸ்அப் வழியாகவோ வேர்டிலிருந்தோ ஒட்டினால் இரட்டைக் கோடு ஒற்றை நீளக் கோடாகிவிடும். கையால் தட்டுவதே மேல்.

டிரை-ரன் இருக்கும்வரை எதுவும் இறங்காது, கணக்கு மட்டும் வரும். ஜூம் என்பது வரைபடத்தைப் பெரிதாக்கும் அளவு. ஜூம் 15இல் ஒரு டைல் இங்கே ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் அகலம். இந்த எல்லைக்குள் அந்த ஜூமில் மட்டும் சுமார் 1,100 டைல்கள். ஒரு ஜூம் குறைத்தால் கால்வாசி. லட்சக்கணக்கில் எண் வந்தால் எல்லையில் தவறு. சரியாக இருந்தால் டிரை-ரனை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

முடிந்ததும் ‘பிஎம்டைல்ஸ் ஷோ ஏற்காடு.பிஎம்டைல்ஸ்’ என்று தட்டி எல்லையையும் ஜூமையும் சரிபாருங்கள். பிறகு பிஎம்டைல்ஸ்.ஐஓ பக்கத்தில் கோப்பை இழுத்துப் போட்டு, மலைப்பாதையின் வளைவுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலையென்றாலும் சமஉயரக் கோடுகள் இந்தக் கோப்பில் இருக்காது. அவற்றுக்கு உயரத் தரவு தனியாக வேண்டும்.

வரைபடத்தை எங்கே வெளியிட்டாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பிடுவது கட்டாயம். அந்தத் தளத்தின் சொந்த டைல் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்கவும் கூடாது. அது நன்கொடையில் ஓடுகிறது, விதியும் தடுக்கிறது.