மடக்குப் பை தைக்கிறீர்களா? நான் விழுந்த குழியில் விழாதீர்கள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி, தான் தைத்த பயணப் பையைக் கொண்டுவந்து காட்டினார். முதுகில் மாட்டும் பை. வேண்டாதபோது சுருட்டி அதன் பாக்கெட்டுக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்பது திட்டம். தையல் சுத்தம்தான். ஆனால் 9 பாக்கெட், லேப்டாப்புக்குத் தனி அறை, முதுகுப் பக்கம் ஃபோம். மடக்குங்கள் பார்க்கலாம் என்றேன். தரையில் போட்டு முழங்காலை வைத்து அமுக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைக்குடியில் கடை போட்ட புதிதில் நானும் இப்படித்தான் அமுக்கினேன்.

அளந்து வெட்டுங்கள், நேராகத் தையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எதற்கு என்று தெரியாமலே தைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் விடுதிகளாகி, வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பயணப் பை தைத்தால் ஓடும் என்று கணக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. இணையத்தில் பார்த்த பைகளில் இருந்ததையெல்லாம் ஒன்றிலேயே வைத்தேன். 8 மி.மீ. ஃபோம், லேப்டாப் உறை, இரண்டு பக்கமும் பாட்டில் வலை, இடுப்பு நாடா. எடை 620 கிராம். மடக்கினால் தலையணை. 60 பை, ஒன்றுக்கு 540 ரூபாய் அடக்கம். முடங்கிய பணம் 32,400.

வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூட வாங்கவில்லை. அவர் முதுகில் ஏற்கெனவே ஒரு நல்ல பை இருக்கிறது, இரண்டாவதாகத் தலையணை எதற்கு? இது எனக்கு உறைக்க ஏழெட்டு மாதம் ஆனது. உறைக்க வைத்தது பள்ளத்தூர் ஆச்சி ஒருவர். சூட்கேஸ் ஜிப் மாற்ற வந்தவர், பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, சும்மா இருக்கையிலேயே இவ்வளவு இடத்தை அடைக்குதே, இதுக்குள்ள நான் என்னத்தை வைக்கிறது?”

சரி, நீங்கள் எதைத்தான் வைப்பீர்கள் ஆச்சி என்று கேட்டேன். அவர் சொன்னது பாதி புரிந்தது. மீதியைப் பார்க்க ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன், விடியற்காலையில், சென்னைக்குப் பல்லவன் ரயில் கிளம்பும் நேரத்துக்கு. மூன்று நாள் போனேன். வேலை கெட்டது என்று வீட்டில் திட்டு.

செட்டிநாட்டில் ஒரு கல்யாணம், முன்னோரைக் கும்பிடும் படைப்பு என்றால் சென்னையிலிருந்து குடும்பமே வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, நாலு நாள் இருந்துவிட்டுப் போகும். வரும்போது ஆளுக்கு ஒரு சூட்கேஸ். போகும்போது சூட்கேஸோடு சீப்புச் சீடைச் சம்படம், தேன்குழல் டப்பா, ஊறுகாய் பாட்டில், யாரோ கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் ஐந்து பை. ஒரு பையின் காது அறுந்து, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. குழந்தையைப் பிடிக்கக் கை இல்லை.

நான் தைக்க வேண்டியிருந்தது அந்தப் பை. அது திரும்பிப் போகும் பை. வரும்போது சூட்கேஸ் மூலையில் இருக்கிற இடம் தெரியாமல் கிடக்க வேண்டும், போகும்போது 20 லிட்டர் பிடிக்க வேண்டும், இரண்டு கையையும் விடுவிக்க வேண்டும்.

அதற்கப்புறம் எதை எடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. ஃபோம் போனது, லேப்டாப் உறை போனது, இடுப்பு நாடா போனது. வீட்டிலிருந்த சம்படத்தை அளந்தேன், குறுக்களவு 18 செ.மீ. அது சாயாமல் உட்கார அடிப்பாகம் 28-க்கு 20, உயரம் 36 செ.மீ. பெருக்கிப் பாருங்கள், 20 லிட்டர் வரும். தோள்பட்டைக்கு ஃபோமுக்குப் பதில் 7 செ.மீ. அகலத்தில் இரட்டை வலைத்துணி. முழுப் பை 170 கிராம். தோளில் வெட்டாதா என்றால், 5 கிலோவுக்கு மேல் போட்டால் வெட்டும். ஸ்டேஷன் வாசலிலிருந்து பெட்டி வரைக்கும்தானே!

தேவகோட்டைத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்ப பாட்டில் எங்கண்ணே வைக்கிறது?” என்றார். எத்தனை பேர் கேட்டார்கள் என்றேன். யாரும் கேட்கவில்லையாம்.

துணியில் இரண்டு எல்லை

துணி நூலின் கனத்தை டினியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிற்கிறதோ அத்தனை டினியர். புதிதாக வருபவர்கள் ஒன்று பள்ளிக்கூடப் பைக்குப் போடும் 600 டினியர் எடுக்கிறார்கள், அது மடங்காது. இல்லாவிட்டால் 20 டினியர் எடுத்து, சம்படத்தின் விளிம்பு பட்டுக் கிழித்துக்கொள்கிறார்கள். கட்டம் கட்டமாக நெய்த ரிப்ஸ்டாப் நைலானில் 70 டினியர் எனக்குச் சரியாக இருக்கிறது. கிழிந்தாலும் அந்தக் கட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அடிப்பாகத்துக்கு மட்டும் 210.

தகரக் கூரைக்குக் கீழே துணியை அடுக்குவது

தண்ணீர் இறங்காமலிருக்கத் துணியில் பூசும் பியு (பாலியூரித்தேன்) கோட்டிங் சூட்டிலும் ஈரத்திலும் நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவரும். மடித்து வைத்த துணியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் அந்தக் கூரைக்கடியில் தாங்கிய என் துணி ஒரு ரோல் இப்போது மெஷினை மூடப் பயன்படுகிறது.

பருத்தி நூல்

வேண்டாம். பாலியஸ்டர்.

குண்டூசி

கோட்டிங் துணியில் குத்திய ஓட்டை மூடாது. கிளிப் போடுங்கள்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதி விற்பது

எழுதாதீர்கள். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் தண்ணீருக்கு வாசல்.

ஒருபக்க ரன்னர்

பை தன் பாக்கெட்டுக்குள் போகும்போது பாக்கெட் உள்வெளியாகத் திரும்புகிறது. அதாவது ஜிப்பின் பின்பக்கம் வெளியே வந்துவிடும். ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னரில் முன்னால் மட்டும் பிடி இருந்தால், எல்லாம் திணித்து முடித்த பிறகு இழுக்க ஒன்றும் இருக்காது. விரல் நகத்தால் தள்ள வேண்டியதுதான். இருபக்கமும் பிடி உள்ள ரன்னர் கேட்டு வாங்குங்கள்.

மடக்கும் பாக்கெட்டைச் சின்னதாக வைத்துப் பெருமைப்படுவது

உள்ளங்கையில் அடங்குகிறது என்று காட்டுவதற்கு நன்றாக இருக்கும். தைத்தவன் நீவி நீவி மடித்தால்தான் அடங்கும். வாங்கியவர் இரண்டாம் தடவை மடக்க மாட்டார், அப்படியே ஆணியில் மாட்டிவிடுவார். நான் எதிர்க்கடை டீ மாஸ்டரிடம் கொடுப்பேன். அவர் எதையும் நீவுவதில்லை. ஈரக் கையோடு திணிப்பார். அரை நிமிடத்துக்குள் ஜிப் மூட வேண்டும். இப்போதிருக்கும் மாதிரியில் கடைசி மூலையில் துணி கடிபடுகிறது, மூன்று தடவையும் அதே இடம். உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு நாடா வைத்துத் தடுத்துப் பார்க்கிறேன்.