பின்பாரம்: சரக்கு விமானத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணே, லோட் ஷீட்ல பேலன்ஸ் சரியாத்தானே இருந்துச்சு, அப்புறம் ஏன் மூக்கு தூக்குது?" தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, சரக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான். இதே கேள்வியோடுதான் ஒரு காலத்தில் நானும் நின்றேன். லோட் ஷீட் என்பது விமானத்தில் எந்த இடத்தில் எவ்வளவு எடை என்று கணக்குக் காட்டும் தாள். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அவர்கள் அழுத்திச் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

முன்பக்கத்தை முதலில் காலி செய்வது

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன மாட்டு வண்டிக்காரர்களுக்கு இது தெரியும். பின்பாரமானால் நுகத்தடி எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். விமானத்துக்கு அச்சு என்பது இறக்கைக்கு அடியில் இருக்கும் பிரதான சக்கரங்கள். மொத்த எடையின் மையம் அவற்றுக்கு முன்னால் இருக்கும்வரை மூக்குச் சக்கரம் தரையில் நிற்கும். பின்னால் போனால் வால் தரையில் உட்காரும்.

லோட் ஷீட் சொல்வது ஏற்றி முடித்த நிலையை. பாதி இறக்கிய நிலையை அது சொல்லாது. விபத்து நடப்பது அந்தப் பாதியில்தான்.

போயிங் 737-800 சரக்கு விமானத்தில் மேல்தளக் கதவு இறக்கைக்கு முன்னால், இடப்பக்கம். அதனால் கதவருகே உள்ள பேலட்கள் (சரக்கை அடுக்கிக் கட்டிய தட்டுகள்) முதலில் இறங்கும், வால் பக்கத்தில் இருப்பவை கடைசிவரை நிற்கும். அதோடு பின் பெல்லியும், அதாவது மேல்தளத்துக்குக் கீழே வால் பக்கம் உள்ள சரக்கு அறையும், நிறைந்திருந்தால்?

எனக்கு நடந்தது அதுதான். நள்ளிரவு, தாமதமாக வந்த விமானம். மேல்தளத்தில் லோடர் (பேலட்டை ஏற்றி இறக்கும் வண்டி) வைத்து ஒரு குழு மளமளவென்று இறக்கியது. பின் பெல்லியில் இன்னொரு குழு பெட்டி பெட்டியாகக் கையால் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு குழுவும் பேசிக்கொள்ளவில்லை, பேச வைக்க வேண்டிய நானும் பேசவில்லை. வால் சாயாமல் அடியில் நிறுத்தும் தாங்கியான வால் முட்டு வேறொரு விமானத்தடியில் இருந்தது. "அஞ்சு நிமிஷத்துல வந்துடும்" என்று தொடங்கிவிட்டேன். மூன்றாவது பேலட் இறங்கியதும் மூக்குச் சக்கரத் தண்டின் பளபளப்பான பகுதி முழங்கை நீளத்துக்கு வெளியே தெரிந்தது. கத்தி நிறுத்தினேன். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். இன்று நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

இன்றைக்கும் சூப்பர்வைசர்கள் "மேலே முடிச்சுட்டு பெல்லியைப் பாத்துக்கலாம்" என்று சொல்வதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. முறை இதுதான்: இறக்கும்போது பின் பெல்லி முதலில், முன் பெல்லி கடைசியில். ஏற்றும்போது நேர்மாறு. மேல்தளத்தின் வால்பக்க இடங்களை நிரப்பும் முன்பே முன் பெல்லியில் எடை இருக்க வேண்டும். மூக்குத் தண்டைப் பார்த்துக்கொண்டே நிற்க ஒருவரை நியமியுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

பூட்டைத் திறந்து போடுவது

மேல்தளத்தின் தரை முழுக்க உருளைகள். பேலட்டை நகராமல் பிடித்திருப்பது பூட்டுதான். மூக்கு கொஞ்சம் எழும்பினாலே பூட்டாத பேலட் வாலை நோக்கி ஓடும். ஓடிய எடை மூக்கை இன்னும் தூக்கும். எடுக்கப்போகும் பேலட்டின் பூட்டை மட்டும் திறங்கள்.

வால் முட்டை இறுக்கி வைப்பது

முட்டு என்பது ஜாக்கி அல்ல. சரக்கும் எரிபொருளும் ஏற ஏற விமானம் தாழும். இடைவெளி விடாமல் வைத்தால் முட்டு உடற்பகுதியைக் குத்திச் சேதப்படுத்தும். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை வைத்து, ஏற்றும் நேரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாருங்கள். புறப்படும் முன் முட்டை எடுத்தாயிற்றா என்று நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள்.

ஆட்களும் எடைதான்

ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய பயணிகள் விமானத்தில் ஆட்கள் ஏறும் வாசல் வால் பக்கம். அங்கே ஆட்கள் கூடினால் வால் கனக்கும். அந்த ரகத்துக்கும் வால் முட்டு இருப்பது அதனால்தான்.

காற்று

பலமாக அடித்தால் வேலையை நிறுத்துங்கள்.

மூக்கு எழும்பிய பிறகு

உள்ளே இருப்பவர்களை முன்னால் ஓடி வரச் சொல்லாதீர்கள். இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பின் பெல்லிக்காரர்கள் வாலுக்கடியிலிருந்து விலகட்டும். லோடரை அப்படியே நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.