பாங்காக்கின் கால்வாய்களில் ஒன்றரை மணி நேரம்: தனிப்படகு அமர்த்துவது எப்படி?

பாங்காக் போய்வந்த நம் ஊர்க்காரர்களிடம் கேட்டால் கோயில்களைச் சொல்வார்கள், கடைவீதிகளைச் சொல்வார்கள், அதன்பின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி நெடுநேரம் புலம்புவார்கள். அந்த நெரிசலுக்கு நடுவிலேயே ஆற்றைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனால், வாசற்படி தண்ணீரில் இறங்கும் வீடுகளும் படகில் போய்வரும் மனிதர்களுமாக வேறொரு ஊர் இருக்கிறது. தொன்புரி என்று பெயர். அதைப் பார்க்க நல்ல வழி, ஒரு லாங்டெயில் படகை (பின்னால் வால் போல நீண்ட கம்பியில் சுழலி மாட்டிய மோட்டார் படகு) முழுதாக வாடகைக்கு எடுத்துக்கொள்வது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். துறையில் நீங்கள் வாங்குவது ஒரு படகையும் அதன் நேரத்தையும்தான். சுற்றுலாவை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்தக் கால்வாய், எத்தனை நேரம், எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அகன்ற ஆற்றிலேயே இரைச்சலோடு ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார்கள்.

முதல் படி: வரைபடத்தைப் பாருங்கள்

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, சாவோ பிரயா ஆற்றுக்கு மேற்கே பாருங்கள். வாட் அருண் கோயிலுக்குச் சற்றுத் தெற்கே பாங்காக் யாய் என்ற கால்வாய் ஆற்றிலிருந்து பிரிகிறது. வடக்கே, சிரிராஜ் மருத்துவமனைக்குப் பக்கத்தில், பாங்காக் நொய் கால்வாய் பிரிகிறது. இரண்டும் மேற்கே வளைந்துபோய் ஒன்றோடொன்று சேர்ந்து, லாடம் போல ஒரு பெரிய வளைவாக நிற்கின்றன.

அந்த வளைவுதான் பழைய சாவோ பிரயா ஆறு. பழைய தலைநகரான அயுத்தியாவின் அரசர்கள் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், கப்பல்கள் இந்த நீண்ட வளைவைச் சுற்றிப் போவதைத் தவிர்க்கக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஆறு அந்தக் குறுக்கு வழியையே பிடித்துக்கொண்டது. நாளடைவில் வாய்க்கால் அகன்று ஆறாகியது, பழைய ஆறு குறுகிக் கால்வாயாகியது. இன்று பாங்காக்கின் அரண்மனைக்கு முன்னால் அலையடிக்கும் பெரிய ஆறு மனிதர்கள் வெட்டியது. நீங்கள் படகில் போகப்போகும் சிறிய கால்வாய்தான் இயற்கையின் ஆறு. கரையோரக் கோயில்கள் பல ஏன் இவ்வளவு பெரியவை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒருகாலத்தில் இதுதான் பெருவழி. 1767இல் அயுத்தியா வீழ்ந்தபின் மன்னர் தக்சின் தலைநகரை அமைத்ததும் இந்தத் தொன்புரிக் கரையில்தான். 1782இல் மன்னர் முதலாம் ராமா அதைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார்.

ஆகவே தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்லும் பாதை இதுதான்: பாங்காக் யாய் வழியாக உள்ளே போய், வளைவை முழுதாகச் சுற்றி, பாங்காக் நொய் வழியாக வெளியே வருவது. வழியில் ஓரிடத்தில் இறங்கிப் பார்ப்பதையும் சேர்த்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வளைவின் பாதியில் மோன் கால்வாய் வழியாகக் குறுக்கே ஆற்றுக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டாம் படி: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

தாலிங் சான், லாட் மயோம் ஆகிய மிதக்கும் சந்தைகள் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும். சந்தை வேண்டுமென்றால் அந்த நாள்களில் போங்கள். கூட்டமும் படகுகளும் உங்களோடு வரும். எனக்கு வாரநாள் காலைதான் பிடிக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறியிருக்காது, கரையில் துணி துவைப்பவர்களும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர்களும் கண்ணில் படுவார்கள். நண்பகலில் போனால் மூடிய சன்னல்களைத்தான் பார்க்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று நீர்மட்டம். கடல் ஓதம் பாங்காக் வரை ஏறி இறங்குகிறது. நீர் மிகவும் ஏறியிருந்தால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது, ஓட்டுநர் வேறு வழியாகப் போவார். மழைக்காலம் முடியும் அக்டோபர், நவம்பரில் இதற்கு வாய்ப்பு அதிகம். தாய்லாந்துக் கடற்படை ஓத அட்டவணை வெளியிடுகிறது என்றாலும் அதைத் தேடிப் படிக்கத் தேவையில்லை. துறையில் "இன்று முழுச் சுற்றும் போக முடியுமா?" என்று கேட்டாலே போதும்.

மூன்றாம் படி: துறைக்கு நீங்களே போய்ச் சேருங்கள்

டுக்டுக் ஓட்டுநரிடம் "படகுத்துறைக்குப் போ" என்று சொல்லாதீர்கள். அவருக்குத் தரகு கொடுக்கும் தனியார் துறை ஒன்றில் இறக்கிவிடுவார், அந்தத் தரகு உங்கள் வாடகையில்தான் ஏறும். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வாருங்கள், படகில் கூட்டிப்போகிறேன்" என்று தெருவில் ஒருவர் அன்பொழுகச் சொன்னால், அரண்மனை திறந்திருக்கிறது என்று பொருள்.

வான்ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் சாதோன் துறை காலடியில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கால்வாய் வாய்க்கு வரவே ஆற்றில் கணிசமான நேரம் போய்விடும். சுரங்க ரயிலில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கி, வாட் போ கோயிலை ஒட்டிய தா தியென் துறைக்கு நடப்பது மேல். பாங்காக் யாய் கால்வாய் கிட்டத்தட்ட எதிரிலேயே இருக்கிறது. அரண்மனையைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத் தா சாங் துறை வசதி.

நான்காம் படி: பேரம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. தனிப்படகுக்கு மணிக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு பாத் (தாய்லாந்து நாணயம்) வரை நியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்லும் விலை இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தால் வியக்க வேண்டாம். கோயம்பேட்டில் பூ வாங்கிப் பழகிய கைக்கு இது புதிதில்லை. குரலை உயர்த்தாமல் சிரித்துக்கொண்டே பேசுங்கள். தாய்லாந்தில் கோபப்பட்டவருக்கு விலை குறையாது.

விலைக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. விலை தலைக்கா, படகுக்கா? "படகுக்கு, எல்லோருக்கும் சேர்த்து" என்று கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். இறங்கும்போது "ஒருவருக்குத்தான் அந்த விலை" என்ற பேச்சு எழுவது இந்தக் குழப்பத்தால்தான். இரண்டு பேருக்கும் ஆறு பேருக்கும் படகின் வாடகை ஏறத்தாழ ஒன்றே என்பதால், விடுதியில் அறிமுகமான குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குப் பாதிதான் விழும்.

அடுத்தது பாதை. வரைபடத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டுங்கள்: பாங்காக் யாய், பாங்காக் நொய். "கால்வாய், கால்வாய்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதையும் கேளுங்கள். கால்வாய் வாயில் மதகு இருக்கிறது. ஆற்று வெள்ளமும் ஓதமும் உள்ளே ஏறாமல் தடுக்க அதை மூடித் திறக்கிறார்கள். இரு பக்க நீர்மட்டமும் சமமாகும் வரை படகுகள் வரிசையில் காத்து நிற்கும். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். ஒரு மணி நேரப் படகில் அது பெரிய துண்டு. இதனால்தான் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்றரை மணி நேரம் பேசச் சொல்கிறேன்.

நிறுத்தங்களைப் பொறுத்தவரை ஒன்று போதும், பேராசை வேண்டாம். நடுவில் இறங்கினால் துறைக் கட்டணம் என்று இருபது பாத் கேட்கும் இடங்களும் உண்டு. அது யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள். பணத்தில் பாதியை முன்னால் கொடுத்து, மீதியை முடிவில் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அலுவலகச் சன்னலும் விலைப் பலகையும் உள்ள துறைகளில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு சீட்டுத் தருவார்கள், அதிலும் தவறில்லை. அந்தச் சீட்டில் நேரத்தை எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஏறி உட்காருங்கள்

படகின் முன்மூக்கில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருக்கும். படகைக் காக்கும் தெய்வமான மே யா நாங் அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. அதை மிதிக்காதீர்கள், அதன்மேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் ஏறி, படகின் நடுவில் காலை வைத்து, குனிந்தபடியே உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் எஞ்சின் இரைச்சலும் புகையும் உங்களுக்கு. வண்டி எஞ்சினை ஒரு தண்டின் மேல் ஏற்றி, நீண்ட கம்பியின் நுனியில் சுழலியை மாட்டியிருப்பார்கள். முன்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும். நடுவரிசைதான் நல்லது.

உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம் மாட்டுங்கள். கையைப் படகுக்கு வெளியே நீட்டக் கூடாது என்று அவர்களிடம் கிளம்புமுன் சொல்லுங்கள், பிறகு பேச்சுக் கேட்காது. பெரிய ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் தெறிக்கும். கைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

ஆறாம் படி: கால்வாய்க்குள்

மதகைத் தாண்டியதும் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, "சா சா" என்று சொல்லுங்கள். மெதுவாகப் போகச் சொல்கிறீர்கள் என்று புரியும். விரைந்து போனால் கரை வீடுகளின் படிகளில் அலை மோதும், உங்கள் கண்ணிலும் எதுவும் நிற்காது.

பாங்காக் யாய் வாயில் ஒரு பழைய கோட்டையும், தக்சினின் அரண்மனை இருந்த கடற்படை வளாகமும் வலப்பக்கம். இடப்பக்கம் வாட் கல்யாணமித் கோயில். சற்று உள்ளே தோன் சோன் பள்ளிவாசல். மேலும் போனால் கூரைகளுக்கு மேலே பொன்னிறத்தில் ஒரு புத்தர் எழுந்து நிற்பார்: வாட் பாக்னாம் கோயிலில் 2021இல் கட்டி முடித்த 69 மீட்டர் உயரச் சிலை. எல்லோரும் இதைப் படமெடுக்கிறார்கள், எடுங்கள். ஆனால் அதன் காலடியில் சாய்ந்து நிற்கும் மரவீடுகளையும் பாருங்கள்.

நிறுத்தத்துக்கு என் தேர்வு அடுத்து வரும் கலைஞர் இல்லம், தாய் மொழியில் பான் சில்லபின். பழைய தூபி ஒன்றைச் சுற்றி எழுந்த மரவீடு, கால்வாய்க்கு மேலே பலகை நடைபாதை, காப்பி. பிற்பகலில் சில நாள்களில் தாய் மரபுப் பொம்மலாட்டம் நடப்பதுண்டு. வேண்டுமென்றால் முன்னதாக விசாரித்து நேரத்தை அதற்கேற்பப் பேசுங்கள். மிதக்கும் சந்தைக்கு ஈடாக இதைச் சொல்வேன்.

வழியில் கோயில் துறைகளை ஒட்டிக் கெளுத்தி இன மீன்கள் கூட்டமாக மேலே வரும். அங்கே மீன் பிடிப்பதில்லை, ரொட்டி போடுவார்கள். கரைச்சுவரில் முதலைக் குட்டி போலக் கிடப்பது நீர் உடும்பு. தொந்தரவு செய்யாவிட்டால் அதுவும் நம்மைக் கண்டுகொள்ளாது. சிறு படகில் ஒரு அம்மா துடுப்பு வலித்து வந்து விசிறி, பொம்மை, பீர் என்று காட்டி, "ஓட்டுநருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்பார். ஒரு பொருள் வாங்கலாம், புன்னகையோடு மறுக்கவும் செய்யலாம். ஓட்டுபவருக்குப் பீர் வாங்கிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

பாங்காக் நொய் வழியாக வெளியேறும்போது அரச படகுகளின் அருங்காட்சியகம் வரும். 1911இல் வெள்ளோட்டம் விட்ட, அன்னப்பறவை முகப்புள்ள சுபன்னஹோங் படகு அங்கேதான் இருக்கிறது. அதன்பின் வலப்பக்கம், ஆற்றுக்குச் சற்று முன், பாங்காக் நொய் ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் தெரியும். இப்போது சிரிராஜ் மருத்துவமனையின் அருங்காட்சியகம். தெற்கே மலாயா நோக்கிப் போன பாதையின் பழைய முனையம் அது. அந்தப் பாதையிலிருந்து கிளை பிரித்துத்தான் 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதையைப் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் மாண்டார்கள். அந்த மரண ரயில் பாதை ஓடும் காஞ்சனபுரிக்குப் போகும் ரயில் இன்றும் அருகிலுள்ள தொன்புரி நிலையத்திலிருந்துதான் புறப்படுகிறது. மறுநாள் உங்களுக்கு வேறு திட்டம் இல்லையென்றால் அதை யோசியுங்கள்.

ஏழாம் படி: இறங்குவது

ஏறிய துறையிலேயே இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்கூட்டியே சொன்னால் வாட் அருண் துறையில் இறக்கிவிடுவார்கள், கோயிலைப் பார்த்துவிட்டுப் பயணிகள் படகில் ஆற்றைக் கடந்துகொள்ளலாம். ஓட்டுநர் மெதுவாகப் போய், கேட்ட இடத்தில் நிறுத்தியிருந்தால் நூறு பாத் கையில் கொடுங்கள்.

தனிப்படகுக்கு இவ்வளவா என்று தோன்றுகிறவர்கள் ஆற்றுக்குக் கிழக்கே சேன் சேப் கால்வாயின் பயணிகள் படகில் ஏறலாம். சில பத்து பாத் டிக்கெட்டில், அலுவலகம் போகிறவர்களோடு நகரத்தின் குறுக்கே போகலாம். தண்ணீர் தெறித்தால் பக்கத்துக் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டியது பயணிகளின் வேலை. தலைக்கவசம் அணிந்த நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்துவந்து காசு கேட்பார், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரதுநாம் துறையில் படகு மாற வேண்டியிருக்கும்.