மனச்சோர்வு இரண்டு வாரம் தாண்டினால்

சிங்கப்பூரில் வாழும் நாம் எந்த வயதிலும் மனநலத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் ஆண்டில் துணைப்பாட வகுப்பைக் கூட்டுங்கள், பரவாயில்லை. தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், "நீ தூங்கினியாம்மா?" என்று தாயையும் கேளுங்கள். பத்தியச் சாப்பாடு எவ்வளவு முக்கியமோ, அந்தத் தூக்கமும் அவ்வளவு முக்கியம்.

எனக்கு அதிகக் கவலை நம் தாத்தா பாட்டிகளைப் பற்றித்தான். எல்லாரும் வேலைக்குப் போனபின் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசும். "உடம்பு அசதி, பசியில்லை" என்பார்களே தவிர, மனசு சரியில்லை என்று பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தில் முதியோர் கூடிப் பழகும் துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு முதல் தடவை நீங்களே கூட்டிப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் தயங்குவார்கள். தேக்கா சந்தைக்குப் போகும்போதும் உடன் அழைத்துப் போங்கள். நாலு பேரைப் பார்ப்பார்கள், நடந்த மாதிரியும் இருக்கும்.

எந்த வயதானாலும் வாட்டமோ, எதிலும் நாட்டமில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச தேசிய மனநல உதவி எண் 1771. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள். இரண்டு எண்களும் 24 மணி நேரமும் இயங்கும். இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.